ஏழாம் ரூம் மருந்து நோட்டு

செல்வத்துக்கு,

உன் ஆராய்ச்சிப் புத்தகம் வந்து சேர்ந்தது. கூரியர்க்காரர் வாசலில் நின்று கையெழுத்துப் போடச் சொன்னபோது, ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன். பதினேழு வருடமாக யார் காகிதம் கொண்டுவந்தாலும் எனக்கு முதலில் அதுதான் தோன்றும். ஏன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்குத் தெரிந்துவிடும். கவரைப் பிரித்து, பழக்கதோஷத்தில் முதலில் பைண்டிங்கைத்தான் தடவிப் பார்த்தேன். சுமார்தான். முதுகில் கோந்து அதிகம், இரண்டு வருடத்தில் விட்டுவிடும். இப்போது நான் பைண்டிங் பார்க்கிற நோட்டுக் கம்பெனியில் இப்படி ஒட்டினால் சூப்பர்வைசர் திருப்பி என் மேலேயே எறிவார். அப்புறம்தான் உள்ளே பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ், படம், கட்டம், கோடு. முதல் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு வரி தமிழில் இருந்தது. ‘ஒரு நாளும் தப்பாக எழுதாத என் அம்மாவுக்கு.’

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து போய்விட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று பக்கத்து வீட்டில் நினைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் நீ ஜெர்மனிக்குப் போகிறாய். அதற்குள் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த வரி பொய். உன் அப்பாவைப் பற்றி நீ இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருப்பதும் பொய். இரண்டுமே என் கையால் வந்தவை.

போன வருடம் பொங்கலுக்கு வந்திருந்தாயே, அப்போது நீ என்னதான் படிக்கிறாய் என்று கேட்டேன். ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ‘கம்ப்யூட்டர்’ என்று ஒரே சொல்லில் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல், காய்ந்த கையோடு சொல்ல ஆரம்பித்தாய். “புரோகிராம் ஓடும்போது அதுக்கு வேணுங்கிறத மெமரியில இருந்து எடுக்கும்மா, திரும்ப வைக்கும். எந்த இடத்துல எடுத்துச்சு, எந்த இடத்துல வச்சுச்சுன்னு ஒண்ணு விடாம வரிசையா எழுதி வச்சா, அதுக்குப் பேரு டிரேஸ்.” எதுக்குலே அதை எழுதணும் என்று கேட்டேன். “புதுசா ஒரு சிப்பு செய்யப் போறாங்கன்னு வையி. செஞ்சு முடிச்ச பிறகு தப்புன்னா திருத்த முடியாது. அதனால கம்ப்யூட்டருக்குள்ளயே பொய்யா ஒரு சிப்பக் கட்டி, இந்த வரிசைய அதுக்குள்ள ஓடவிட்டுப் பாப்போம். எங்க தாமதமாகுது, எங்க முட்டுதுன்னு தெரிஞ்சிரும்.”

எனக்குப் புரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாய். “நீ வேல பாத்த பட்டாசுக் கம்பெனிய நெனச்சுக்கோம்மா” என்றாய். “வெடிமருந்து அடைக்கிற ரூம் இருக்குல்ல, அது புரோசசர். மருந்து குடுக்கிற ரூம் தூரத்துல இருக்குல்ல, அது மெமரி. தீரத் தீர அங்கன நடந்து போய் வாங்கிட்டு வரணும். நடக்கிறதுலதான் நேரம் போகும். அதனால ரூமுக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு அலமாரி வச்சுக்கிடுவாங்க, அதுதான் கேச். நீ எழுதுனயே மருந்து நோட்டு, யாரு எம்புட்டு மணிக்கு வந்து வாங்கிட்டுப் போனாகன்னு, அதுதான்மா டிரேஸ். இதெல்லாம் நான் உன்கிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான்.” நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குத் தலையில் ஏறவில்லை என்று சிரித்தாய். ஏறிவிட்டது செல்வம். சொன்ன அந்த நிமிடமே ஏறிவிட்டது.

அன்றைக்கு மாலை, பஸ் ஏறுவதற்கு முன்னால், நீ இன்னொன்றும் சொன்னாய். பெரிய கம்பெனிகள் தங்கள் நிஜ டிரேஸை வெளியே தரமாட்டார்கள், அதனால் நிஜத்தைப் போலவே இருக்கிற பொய் டிரேஸை உருவாக்குவதுதான் உன் ஆராய்ச்சி என்றாய். முதல் இரண்டு வருடம் நீ செய்ததெல்லாம் வீணாய்ப் போனதாம். “நான் எழுதுனது ரொம்ப ஒழுங்கா இருந்துச்சும்மா, சீரா, ஒரே இடைவெளியில. எங்க சார் பாத்த உடனே பொய்னு சொல்லிட்டார். நிஜ டிரேஸ் அப்படி இருக்காது. ஒரே இடத்துக்குப் பத்து தடவ போகும், அப்புறம் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. எங்க போச்சுன்னு தெரியும், எதுக்குப் போச்சுன்னு நாமதான் யோசிச்சுக் கண்டுபிடிக்கணும்.” உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். நான் எழுதிய மருந்து நோட்டை, விபத்துக்குப் பிறகு விசாரணைக்கு வந்தவர்கள் யாரும் உன் சார் பார்த்தது போலப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

பட்டாசுக் கம்பெனியில் சட்டம் எளிது. ஒரு ரூமில் ஒரு நேரத்தில் ஒரு தட்டு மருந்துதான் இருக்கலாம். அதை அடைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த தட்டுக்கு வரவேண்டும். ஏதாவது பற்றிக்கொண்டாலும் ஒரு தட்டு என்றால் தீக்காயத்தோடாவது ஆள் வெளியே ஓடி வந்துவிடலாம், அதற்குத்தான் அந்தச் சட்டம். மருந்து கொடுக்கிற ரூமில் உட்கார்ந்து தட்டைக் கொடுப்பதும், வாங்க வருகிறவர் பெயர், ரூம் நம்பர், மணி, எத்தனை தட்டு என்று எழுதுவதும் என் வேலை. பத்தாம் வகுப்புப் படித்திருந்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் எனக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் தீபாவளி சீசன் வந்துவிட்டால் சட்டம் நோட்டில் மட்டும்தான் இருக்கும். “நடந்து நடந்தே பொழுது போகுது. மூணு மூணு தட்டா குடுத்து அனுப்பு. நோட்டுல மட்டும் சரியா இருக்கட்டும்” என்பார் ஃபோர்மேன். எனக்கும் அது வசதிதான். காலையில் வந்து உட்கார்ந்ததும், ஒருத்தர்கூட வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே, மதியம் வரைக்கும் எழுதி முடித்துவிடுவேன். எட்டு நாற்பது, ஒன்பது பத்து, ஒன்பது நாற்பது. அரை மணிக்கு ஒரு தட்டு, எல்லா ரூமுக்கும். சோதனைக்கு அதிகாரி வந்தால் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்று எங்களுக்குத் தெரியும். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு என்று மேனேஜர் நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டியிருக்கிறார். நானும் தலையைக் குனிந்து சிரித்திருக்கிறேன்.

அந்தக் கம்பெனியிலேயே என் நோட்டுக்கு அடங்காத ஆள் ஒருத்தர்தான், உன் அப்பா. ஏழாம் ரூம். கூட வேலை பார்த்தது பேச்சியக்கா. எல்லாரும் மூன்று தட்டு எடுத்துக்கொண்டு போகும்போது அவர் மட்டும் அரைத் தட்டு கேட்பார். அரைத் தட்டு எவ்வளவு நேரத்துக்கு வரும்? கால் மணி நேரத்தில் மறுபடி வாசலில் நிற்பார். “இப்பத்தான வாங்கிட்டுப் போனீக?” என்றால், “தீந்துருச்சு புள்ள, பேச்சியக்கா கை வேகம்” என்பார். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க, வாசலில் இருக்கிற செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது விதி. அவர் கையை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றபடி, செல்வம் காலையில் சாப்பிட்டானா, மோட்டாரில் தண்ணீர் வந்ததா, இட்லிக்கு ஊறப் போட்டாயா என்று ஒன்றுமில்லாததை எல்லாம் கேட்பார். வீட்டில் அத்தனை பேசமாட்டார். டீ நேரத்துக்குப் பிறகு பத்து நிமிடத்துக்குள் இரண்டு தடவை வந்த நாளும் உண்டு. ஃபோர்மேன் கத்துவார். “ஏம்ப்பா, பொண்டாட்டியப் பாக்க வாரியா, மருந்து வாங்க வாரியா?” உன் அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். நான்தான், அவருக்கு முழங்கால் பிடிப்பு, நடந்தால்தான் சரியாகும் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். முழங்கால் பிடிப்பு இருக்கிற ஆள் எதற்கு நடக்கிறார் என்று ஃபோர்மேன் கேட்கவில்லை, நல்லவேளை. அவர் வந்து போனதை எல்லாம் அப்படியே எழுதியிருந்தால், நீ சொன்னாயே நிஜ டிரேஸ், அது அதுதான். என் நோட்டில் மற்றவர்களைப் போல அவரும் அரை மணிக்கு ஒரு தட்டுதான்.

அந்த நாள் காலையில் வீட்டில் சண்டை. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாய். உன் அத்தை இருக்கன்குடி கோவிலுக்கு முடியிறக்கப் போகிறாள் என்று உன் அப்பா நம் வீட்டு குக்கரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரு குக்கர், அவ்வளவுதான். நான் அன்று கம்பெனிக்கு வரும் வழியெல்லாம் அவரிடம் பேசவில்லை. மற்ற நாளில் எட்டரைக்கே வந்து நிற்கிறவர் அன்று ஒன்பதைத் தாண்டித்தான் வந்தார். வந்து, “அரைத் தட்டு குடு புள்ள” என்றார். மறுநாள் லோடு ஏற்ற வேண்டும், எல்லா ரூமுக்கும் மூன்று தட்டு என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதற்கு முன்னாலும் எத்தனையோ நாள் அப்படிச் சொல்லியிருக்கிறார், நான் உன் அப்பாவுக்கு மட்டும் அரைத் தட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அன்று மூன்றையும் எடுத்துப் பலகையில் வைத்தேன். “இம்புட்டு வேண்டாம். பயமா இருக்கு. நான் வந்து வந்து வாங்கிக்கிறேன்” என்றார். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வந்து வந்து என் மூஞ்சியில நிக்காதீக. மூணையும் எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

“சரி” என்றார். பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். வேப்பமரத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எதனால் பற்றியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சுவர் இல்லை, கூரை இல்லை. உன் அப்பாவும் இல்லை, பேச்சியக்காவும் இல்லை.

மூன்று மணி இருக்கும். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், கையில் மருந்து நோட்டு. அன்றைய பக்கத்தைத் திறந்து காட்டினார். காலையில் நான் எழுதி வைத்த பக்கம். ஏழாம் ரூம், ஒன்பது நாற்பது, ஒரு தட்டு. பத்து பத்து, ஒரு தட்டு. பன்னிரண்டு பத்து வரைக்கும் இருந்தது. செத்த பிறகும் ஆறு தடவை உன் அப்பா வந்து என்னிடம் மருந்து வாங்கியிருந்தார். “இத எடுத்துட்டு வேற எழுதும்மா. ஒம்போது பத்தோட நிப்பாட்டிரு. இத விசாரணைக்கு வாரவுக பாத்தா மொத ஆளா நீதான் உள்ள போவ. பிள்ளைக்கு யாரு இருக்கா?” என்றார். உனக்குப் பன்னிரண்டு வயது. அங்கேயே, மடியில் வைத்து எழுதினேன். கை நடுங்கவில்லை செல்வம். அந்த நோட்டிலேயே அழகான பக்கம் அதுதான். கிழித்த பக்கத்தை மேனேஜர் கேட்டார், தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அது என் ரவிக்கைக்குள் இருந்தது. ஏன் ஒளித்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. உன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற பிளாஸ்டிக் கவருக்குள், அதன் பின்னாலேயே, இத்தனை வருடமாக அது இருந்தது. நீயே எத்தனையோ தடவை அந்தக் கவரைத் திறந்திருக்கிறாய்.

விசாரணையில் நோட்டைப் பார்த்தார்கள். நோட்டின்படி ஏழாம் ரூமில் ஒரு தட்டுதான் இருந்திருக்க வேண்டும். இடிந்து கிடந்ததைப் பார்த்தால் அது ஒரு தட்டு மருந்தின் வேலை இல்லை. அப்படியென்றால் வாங்கினவர் அடைத்து முடிக்காமல் சேர்த்துச் சேர்த்துப் பதுக்கி வைத்திருக்கிறார், சீக்கிரம் வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப ஆசைப்பட்டிருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். எழுத்தில் இருக்கிறதே, யார் என்ன பேச முடியும்? கம்பெனியிலேயே அரைத் தட்டு கேட்ட ஒரே ஆளின் பெயரில் அந்தப் பழி போய் உட்கார்ந்தது. நான் அதே அறையில் பெஞ்சின் ஓரத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். பேச்சியக்கா மகள் மாரீஸ்வரி உன் வகுப்புத்தானே. “உங்கப்பாதான் எங்கம்மாவக் கொன்னது” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நீ சட்டைப் பட்டன் தெறித்து, அழாமல் வீட்டுக்கு வந்தாய். “அப்பா மருந்தப் பதுக்கி வச்சாராம்மா?” என்று கேட்டாய். அந்தப் பக்கத்தை மாற்றி எழுதியதற்குக்கூட பயம் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். இதற்கு என்ன சொல்ல? நீ மட்டும்தான் இருந்தாய், வேறு யாரும் இல்லை, கதவுகூடச் சாத்தியிருந்தது. நான் சொன்னேன், “உங்கப்பாவுக்கு எப்பவும் அவசரம்லே.” நீ பையைத் திறந்தாய். வீட்டுப் பாடம் எழுத உட்கார்ந்தாய். அன்றிலிருந்து அவரைப் பற்றி நீ ஒரு கேள்வியும் கேட்டதில்லை. படத்துக்கு மாலை மாற்றும்போது வெளியே போய்விடுவாய். காலேஜில் சேர்ந்தபோது அவருடைய இனிஷியலை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டுக்கொண்டாய். அதற்கு எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், எதையும் மிச்சம் வைக்கக் கூடாது.

மாரீஸ்வரி சாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை, உன் புத்தகம் வந்த மறுநாள், சொல்லிவிடுவது என்று பஸ் ஏறிப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். “வாங்கத்த, வெயில்ல வந்திருக்கீக, சாப்பிட்டீகளா?” என்று குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, பேச்சியக்கா ஜாடை, அப்படியே அந்த நெற்றி. எதுக்கு வந்தீக என்று கேட்டாள். ரவிக்கை தைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அளவு எடுத்தாள். பதினேழு வருடம் சுமந்ததைச் சொல்லப் போன நான் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். என் வாயை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டது, கையை மட்டும்தான் நம்ப வேண்டியிருக்கிறது, அந்தக் கையும் யோக்கியமானதில்லை. இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை இதைக் கொண்டுபோய் மாரீஸ்வரியிடம் கொடுத்து, படி என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவள் படித்த பிறகுதான் தபாலில் போடுவேன். அவள் என்னைப் போலீசுக்கு இழுத்தாலும் சரி, செருப்பால் அடித்தாலும் சரி, நீ அங்கேயிருந்து ஓடி வராதே, டிக்கெட்டை மாற்றாதே. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவும் எனக்குத் தைரியம் இல்லை. புத்தி சொல்கிற யோக்கியதையும் இல்லை. ஆனாலும் தாய், வாய் சும்மா இருக்காது. பார்த்ததை எழுது, நடந்த பிறகு எழுது. யாரோடாவது மனஸ்தாபம் என்றால் பேசாமல் இரு, ஆனால் வாசலில் வந்து நிற்கிறவர்களைத் தலை தூக்கிப் பார்த்துவிடு. போகிற ஊரில் உனக்கென்று ஒரு பெண் வரலாம். அவள் வேலையில்லாத வேலையாக உன் மேஜைப் பக்கம் திரும்பத் திரும்ப வந்தால், எதுக்கு வருகிறாள் என்று நீதான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். உன் அம்மாவுக்குப் பதினேழு வருடம் ஆனது.

அந்தக் குக்கர் உன் அப்பாவின் காரியத்துக்கு மறுநாளே திரும்பி வந்துவிட்டது. உன் அத்தை தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். நீ சாப்பிட்டு வளர்ந்ததெல்லாம் அதில் வைத்த சோறுதான், இப்போதும் அதுதான் அடுப்பில் இருக்கிறது. அதை மாற்று, புதிதாக வாங்கித் தருகிறேன் என்று நீ நச்சரிக்கும்போதெல்லாம் நான் எரிந்து விழுவேனே, அதற்கு இதுதான் காரணம்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை மாற்றுவது பெரிய அலைச்சல், அதை நான் கேட்கவில்லை. புத்தகத்தில் அச்சானதையும் இனி மாற்ற முடியாது. உன்னிடம் இருக்கிற பிரதியில் மட்டும், அந்த ஒரு வரியை உன் கையால் அடித்துவிடு. கிழித்த பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். மடித்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. அதில் இருப்பது எல்லாம் நான் உருவாக்கியது, சீராக, ஒரே இடைவெளியில். அன்றைக்கு நிஜமாக நடந்ததை யாரும் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஒரே வரிதான்.

ஏழாம் ரூம். மணி ஒன்பது ஐந்து. கேட்டது அரைத் தட்டு, கொடுத்தது மூன்று.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அம்மா